தம்பிக்கு, அப்பாவின் திதிக்கு முன்னால்

தம்பி,

அப்பாவின் முதல் வருஷத் திதி அடுத்த மாதம். ஐயரிடம் நாள் கேட்டாகிவிட்டது. நீ வருவாயா என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். போனில் கேட்டால் "பார்க்கலாம்க்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்கள் படிக்கிற இடத்தில் எழுதுவதும் தெரிந்தேதான்.

சிங்கப்பூரில் நீ சுற்றிக் காட்டியதை எல்லாம் விட்டுவிடுகிறேன். சவுத் பிரிட்ஜ் சாலையில் அந்த ஒரு சாயங்காலம் மட்டும்.

இஸ்லாத்துக்கு மாறிவிட்ட நீ, வேலை முடிந்து நேரே பள்ளிவாசலுக்குத் தொழ வருவதாகச் சொல்லியிருந்தாய். உன் மாமியாரும் நானும் முன்னாலேயே போய்விட்டோம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு பகோடா தெருவைத் தாண்டினால் ஜாமிஆ பள்ளிவாசல். கோயில் 1827, பள்ளிவாசல் 1826. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சூலியாக்கள், நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள், எழுப்பியது. வாசல் தெருவைப் பார்த்து நேராக இருக்கிறது. உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் சற்றுத் திரும்பி நிற்கிறது. மக்காவை நோக்கித் திருப்பிக் கட்டியதாம். உன் மாமியார்தான் காட்டினார், இல்லாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

அவர் ஒளூ செய்வதை, அதாவது தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவிச் சுத்தம் செய்வதை, பக்கத்தில் நின்று பார்த்தேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையில் ஈரக்கை, கடைசியில் கால். விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. அப்புறம் பாங்கு, தொழுகைக்கு அழைக்கும் குரல். அங்கே ஒலிபெருக்கி உள்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு அவ்வளவாகக் கேட்காது.

பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிப் தொழுகை மூன்று ரக்அத்து. நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் ஒரு சுற்றுதான் ஒரு ரக்அத்து. உன்னை அந்த வரிசையில் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் கட்டட வேலை உடுப்போடு ஒரு பையன், மறுபக்கம் வெள்ளைத் தாடிப் பெரியவர். தோளோடு தோள். இமாம் ஓத ஓத எல்லோரும் குனிந்தீர்கள், நிமிர்ந்தீர்கள், பிறகு ஒரே சமயத்தில் நெற்றியைத் தரையில் வைத்தீர்கள். எனக்கு உன் உள்ளங்கால்கள் தெரிந்தன. இடது குதிகாலில் கண்ணாடி கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. என் பிள்ளை, இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு பேருக்கு நடுவில் தனியாக இல்லாமல் இருக்கிறான் என்று கண் கலங்கிவிட்டது.

அடுத்த நொடியே கோபம். இவ்வளவு பணிவாக விழத் தெரிந்தவன், அன்றைக்கு ஏன் விழவில்லை?

நீ நம் வீட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய அந்தக் காலையைச் சொல்கிறேன். அப்பா திருநீற்றுத் தட்டோடு நடையில் நின்றார். நீ அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். குனியவில்லை. நான் உன் தோளை அழுத்தினேன், அசையவே இல்லை. அப்பா விரலில் எடுத்த திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் கூடத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. பேசியவர்களுக்குத் தெரியும்.

தொழுகை முடிந்து நீ செருப்பு மாட்டி வருவதற்குள் உன் மாமியாரிடம் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நெத்தி தரையில படுறது படைச்சவனுக்கு மட்டும்தாம்மா. பெத்தவங்களுக்கு என்ன பணிவிடை வேணும்னாலும் செய்யணும். சுஜூது மட்டும் வேற யாருக்கும் கிடையாது" என்றார். நெற்றியைத் தரையில் வைப்பதுதான் சுஜூது. நெற்றி, இரண்டு உள்ளங்கை, இரண்டு முட்டி, இரண்டு கால் விரல்கள் என்று ஏழும் தரையில் பட வேண்டும் என்று விளக்கினார். கடமையான தொழுகை மட்டும் நாளுக்கு 17 ரக்அத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூது.

34 முறை. அப்பா கேட்டது ஒரே ஒரு முறை.

உன் மாமியார் சொன்னது புரிந்த பிறகும் இப்படித்தான் தோன்றியது. ஏன் இதை மறைக்க வேண்டும்? உனக்கு அது முடியாது என்று அன்றைக்கே அப்பாவிடம் உட்கார்ந்து நீ சொல்லியிருக்கலாம். பிடிவாதம் என்றும், மனைவி வீட்டார் சொல்லிக்கொடுத்தது என்றும் நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோளை அழுத்தியதற்கு மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு யார் சொன்னார்கள்? அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். உனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

இன்னொன்றும் உன் மாமியார் சொன்னார். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி வைப்பதும் இல்லையாம். "அல்லாஹு அக்பர்" என்று சொல்லும் நான்கு தக்பீரும் நின்றபடியே. உடல் முன்னால் இருப்பதால், அதை வணங்குவது போல் ஆகிவிடக் கூடாது என்றார். அப்பாவைக் கிடத்தியிருந்தபோது நீ நின்ற நிற்பு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நீ அங்கே தொழுதாய் என்று நான் சொல்லவில்லை. உன்னை எந்தப் பக்கத்தாரிடமும் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. பிள்ளை காலில்கூட விழவில்லையே என்று அன்றைக்குப் பேசியவர்கள் இதைப் படிக்கட்டும், அவ்வளவுதான்.

இனி விஷயம். பிண்டம் வைப்பது, விழுந்து கும்பிடுவது எல்லாம் சித்தப்பா மகன் செய்வான். கொள்ளி வைத்தவனும் அவன்தான். உன்னை யாரும் எதுவும் செய்யச் சொல்லக் கூடாது என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கு வருத்தம்தான். இருக்கட்டும். படையலில் வைத்ததை நீ சாப்பிட மாட்டாய் என்று தெரியும், உனக்கும் அவளுக்கும் குழந்தைக்கும் தனியாகச் சமைத்துவிடுகிறேன். ஆனால் நீ வர வேண்டும். பணம் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துகொள்ளாதே. பணம் அனுப்ப அப்பாவுக்கு ஒரு பிள்ளை வேண்டியதில்லை.

கூடத்தில் மேற்குச் சுவரில் அப்பா படம் மாட்டியிருக்கிறேன். அதைக் கழற்ற மாட்டேன், கேட்காதே. மாடி அறையில் மேற்குச் சுவர் காலியாக இருக்கிறது, கூட்டித் துடைத்து வைக்கிறேன், அங்கே தொழுதுகொள். டிக்கெட் போட்டதும் சொல். திருச்சிக்கு வண்டி அனுப்புகிறேன்.

அக்கா