சாய்தளம் சரிதான், சன்னல்தான் தப்பு

அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளில் பொது வேட்டை நிலங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சக்கர நாற்காலியில் வரும் வேட்டைக்காரர்களுக்காகப் பொது நிலங்களில் நீங்கள் கட்டிவைத்திருக்கும், மானின் கண்ணில் படாமல் காத்திருக்க உதவும் மறைகுடில்களைப் பற்றியது இந்த மடல். சாய்தளத்தில் ஓர் அங்குல ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம், 36 அங்குல அகலம், கதவில் 32 அங்குல இடைவெளி, உள்ளே நாற்காலி திரும்ப 60 அங்குல வட்டம். 1990ஆம் ஆண்டு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டி வந்த அளவுகள் இவை. டேப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலான குடில்கள் தேறிவிடும். உள்ளே போய் ஒரு வில்லை முழுதாக இழுத்துப் பார்த்தால் பாதி தேறாது. வரைபடம் போடும்போதே துப்பாக்கியை மனதில் வைத்துப் போட்டாயிற்று. முழங்கையை ஊன்ற ஒரு விளிம்பு, தூரத்தில் திறந்த வயல், இவை இருந்தால் துப்பாக்கிக்காரர் வேலை முடிந்தது. இருபது கஜத்துக்குள் ஒரு கிழட்டு வெள்ளைவால் ஆண்மானை வரவழைத்து, அதற்குத் தெரியாமல் நாணை இழுக்க வேண்டியவருக்கு அந்தக் குடில் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. வேட்டைக் கருவிகள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கும் 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தில் 1972இல் வில் அம்பும் சேர்க்கப்பட்டது. வில்லின் விலைக்குள்ளேயே 11 சதவீத வரி ஒளிந்திருக்கிறது. அது உங்கள் துறைகளுக்கே வந்து சேருகிறது.

முதலில் சன்னல். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 43 முதல் 51 அங்குல உயரத்தில் இருக்கும். நாணை முழுதும் இழுத்த நிலையில் அம்பு கண்ணுக்கு நாலைந்து அங்குலம் கீழே கிடக்கும். சன்னலின் கீழ்விளிம்பை 40 அங்குலத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 45 அங்குல உயரக் கண்ணுக்கு மான் முழுசாகத் தெரிகிறது; வில்லில் குறிபார்க்கும் குறிமுள் அதன் விலாவில் அசையாமல் நிற்கிறது; நாணை விடுவிக்கும் ரிலீஸை அழுத்துகிறார். அம்பு 40 அங்குலத்தில் போகிறது, பலகையில் அடித்துச் சிதறுகிறது. பார்வை போகிற கோடு வேறு, அம்பு போகிற வழி வேறு. குடிலின் தரை மண்ணிலிருந்து இரண்டு மூன்றடி உயர்ந்திருந்தால் அம்பு கீழ்நோக்கிச் சாய்ந்து போகும், தப்பு இன்னும் சுலபம். கீழ்விளிம்பை 28 அங்குலத்துக்கு இறக்குங்கள். அகலம் 14 அங்குலம் போதும், உயரம் 60 அங்குலம் வரை போகட்டும். ஒடுங்கி நெடுக நிற்கும் சன்னல்தான் வில்லுக்கு ஏற்றது. கிடையாக நீண்ட சன்னலில் வெளிச்சம் கொட்டுகிறது, வில்லாளி அசைவதெல்லாம் வெளியே தெரிகிறது. உட்சுவருக்குக் கறுப்புச் சாயம் பூசுங்கள். எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால் உள்ளே இருப்பவர் வெளிச்சத்துக்கு முன்னால் நிழலுருவாகத் தெரிவார் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி மூடி வேண்டும். அந்த மூடிக்கு வெல்க்ரோ வேண்டாம். காலைக் குளிரில் அதைப் பிரிக்கும் சத்தம் எதிர்க்கரைவரை கேட்கும். விரல் பிடிமானம் இல்லாதவரும் முஷ்டியால் தள்ளித் திறக்கும்படி, எட்டும் உயரத்தில் ஒரு நெம்புத் தாழ் போதும்.

அடுத்தது, நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. வலக்கைப் பழக்கமுள்ள வில்லாளியின் இடத்தோள்தான் மானை நோக்க வேண்டும். நிற்பவர் இடுப்பைத் திருப்பிக்கொள்வார்; முதுகுத்தண்டு அடிபட்டவரால் அது முடியாது. ஆகவே நாற்காலியின் முன்பக்கம் மானின் தடத்துக்கு வலப்புறமாக 60 பாகையாவது விலகி நிற்க வேண்டும். உங்கள் குடில்களில் நாற்காலி நிறுத்தக் குறித்த இடம் சன்னலுக்கு நேர் எதிரே, மூக்கு சுவரைத் தொடும்படி இருக்கிறது. அப்படி நின்றால் நேர் எதிரே வரும் மானுக்கு வில்லை இழுக்கவே வழியில்லை. இடக்கைக்காரருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். ஆகவே தடம் எந்த மூலைக்கு எதிரே வந்தாலும் இருவகையினருக்கும் நாற்காலி திரும்ப இடம் வேண்டும்.

6க்கு 6 அடிக் குடில் பற்றாது. இழுத்த நிலையில் முன்கை முஷ்டியிலிருந்து பின்முழங்கை வரை நாலடியை நெருங்கும். வில் சன்னலை விட்டு ஓரடி உள்ளே இருக்க வேண்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கூடவே துணைக்கு ஒருவர். 8க்கு 8 அடி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லின் கீழ்முனையையும் கவனியுங்கள். இரு முனையிலும் கப்பி உள்ள 30 அங்குலக் காம்பவுண்ட் வில்லின் கீழ் கேம் (கீழ்க் கப்பி), அம்புக்குப் பதினைந்து பதினாறு அங்குலம் கீழே இருக்கும். அம்பு 41இல் என்றால் கேம் 25இல், அதாவது தொடையின் உயரத்தில். நாணை விடும் நொடியில் அது தொடையிலோ நாற்காலியின் சக்கரத்திலோ கைப்பிடியிலோ இடித்தால் அம்பு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கைப்பிடியைக் கழற்றுவது, மெத்தையை உயர்த்துவது, குட்டையான வில்லாகப் பார்த்து வாங்குவது எல்லாம் எங்கள் பாடு. நாற்காலி அசையாமல் நிற்பது உங்கள் பாடு. பிரேக் போட்டாலும் முன்சக்கரம் சுழன்று இழுவையில் ஓர் அங்குலம் நகரும், பலகை கிறீச்சிடும், மான் தலையைத் தூக்கும். தடித்த ரப்பர் விரிப்பும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரத்துண்டுகளும் போட்டுவையுங்கள். செலவு என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கும் அளவுக்குக் குறைவு.

குடிலை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்கு வருத்தம் அதிகம். தீவனப் பயிர் விதைத்த வயலின் ஓரத்தில், 60 கஜம் தாண்டி மான் மேய்வது அழகாகத் தெரியும்படி வைக்கிறீர்கள். 40 பவுண்டு இழுவிசையுள்ள வில்லிலிருந்து 400 கிரெய்ன் (ஏறத்தாழ 26 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 200 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 35 அடி-பவுண்டு அளவில் இருக்கும். இருபது கஜத்துக்குள், விலா முழுதாகத் திரும்பியிருக்கும் மானுக்கு, பட்டதும் வெட்டும் இரட்டைத் தகட்டு முனையோடு இது போதும். விரிந்து திறக்கும் முனைகள் திறப்பதற்கே ஆற்றலைத் தின்னும் என்பதால் இந்த வில்லுக்கு ஒத்துவராது. 60 கஜத்தில் எய்வது வேட்டை ஆகாது, மானைக் காயப்படுத்தி விரட்டுவதாகும். இரண்டு தோப்புகள் ஒடுங்கிச் சந்திக்கும் கழுத்து, ஓடையைக் கடக்கும் துறை, வேலியில் மான் நுழையும் சந்து, இப்படிப்பட்ட இடங்களில் தடத்திலிருந்து 15 முதல் 20 கஜத்தில் வையுங்கள். தடம் விலகிப் போனால் இரண்டு மரக்கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டால் மான் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வரும்.

காற்று இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையடையாது. மரப்பரணில் இருப்பவரின் வாடை சில நேரம் மானின் தலைக்கு மேலே போய்விடும். தரையில் இருப்பவரின் வாடை நேராக மூக்குக்குப் போகும். விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேட்டுக்கு ஏறும், மாலையில் மறுபடி இறங்கும். நாலைந்து வயது கடந்த ஆண்மான் சந்தேகம் வந்த இடத்தைக் காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் நெருங்கும். ஒரு குடில் ஒரே ஒரு காற்றுக்குத்தான் உதவும். வடமேற்குக் காற்றுக்கு ஒன்று, தெற்குக் காற்றுக்கு ஒன்று எனச் சோடியாகக் கட்டி, எந்தக் காற்றுக்கு எது என்று கதவில் எழுதிவையுங்கள். மாதத்துக்கு முன்பே குலுக்கலில் ஒரு தேதியையும் ஒரு குடிலையும் ஒதுக்கிவிட்டு, அன்று காற்று மாறினால் மாற்றிக்கொள்ள வழியில்லை என்று சொல்வது, மழைக்கு முன்பே நாற்று நடும் நாளைக் குறித்துவைப்பது போல. சாய்தளத்துக்கு வரும் பாதையும் மானின் தடத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது. சக்கரம் உருண்ட வழியெல்லாம் வாடை கிடக்கும்.

பாதையைப் பற்றி ஒரே வரி: உருளும் சரளைக்கல்லில் நாலங்குல முன்சக்கரம் புதையும், பொடிக்கல் கலந்து இறுக்கிய பாதையில் புதையாது. நவம்பர் உறைபனியில் மரச் சாய்தளம் கண்ணாடி போல வழுக்கும். சொரசொரப்புப் பட்டை ஒட்டுங்கள்.

நவம்பர் என்று எழுதுவது காரணத்தோடுதான். பகல் குறைவதையொட்டி வரும் இணைசேரும் பருவம் வட மாநிலங்களில் நவம்பர் நடுவில் உச்சத்தைத் தொடும். ஆண்டு முழுதும் இருட்டிலேயே நடமாடிய பெரிய கொம்பன் அந்த இரண்டு மூன்று வாரம் பகலில் தலைகாட்டும். வில்லால் வீழ்த்திய பெரிய விலங்குகளுக்கான போப் அண்ட் யங் பதிவேட்டில் சேர வழக்கமான வடிவக் கொம்புக்கு 125 புள்ளி வேண்டும், அதுவும் 60 நாள் காயவைத்து அளந்த பிறகு. அப்படிப்பட்ட மானுக்கு வாய்ப்பு அந்த வாரங்களில்தான். சிறாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மிச்சிகனின் லிபர்ட்டி வேட்டை செப்டம்பரில், விஸ்கான்சினின் மாற்றுத்திறனாளிகள் துப்பாக்கி வேட்டை அக்டோபர் தொடக்கத்தில். இலை உதிராத, குளிர் ஏறாத அந்த நாள்கள் நல்ல நாள்களே. ஆனால் இந்தச் சிறப்பு நாள்கள் முடிந்ததும் பூட்டைப் போட்டுவிடும் இடங்களில், வாகனக் கேட்டும் குடில் ஒதுக்கீடும் வில் பருவம் முடியும்வரை நீள வேண்டும்.

குளிரில் உடம்பு என்ன செய்யும் என்பதும் கட்டடக் கணக்கில் சேர வேண்டியது. காயத்துக்குக் கீழே உடம்பு நடுங்காது, சுடுவதும் உறைவதும் தெரியாது. காலுறைக்குள் வைத்த சூட்டுப்பொட்டலம் தோலைப் பொசுக்கிவிட்டதை மாலையில் காலணியைக் கழற்றும்போதுதான் பார்ப்பார்கள். புண் வராமலிருக்க 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்றி உட்கார வேண்டும். இருட்டான பின்சுவரும் சத்தமில்லாத தரையும் அதற்காகவும்தான். நெஞ்சின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு, நிறைந்த சிறுநீர்ப்பையோ இறுக்கிய நெஞ்சுவாரோ போதும், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வாரைத் தளர்த்தவும் பையை வடிக்கவும் துணையாள் குடிலுக்குள்ளேயே இருக்க வேண்டும், கேட்டின் சாவி அவர் கையில் இருக்க வேண்டும். கையிலும் பலமில்லாதவர்கள் நாற்காலியில் பொருத்திய கிராஸ்போவை (விசையால் எய்யும் குறுக்குவில்) வாயால் உறிஞ்சி இயக்குகிறார்கள். அந்தக் குறுக்குவில்லின் இரு கைகளும் விரியும் அகலம் உங்கள் சன்னல் சட்டத்தில் இடிக்காதா என்று ஒருமுறை பாருங்கள்.

அம்பு பட்ட பிறகு? நுரையீரலில் பட்டால் இரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருக்கும், அரைமணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். நாற்காலி போகமுடியாத புதரில் அதைத் தேடப்போகும் துணையாள் என்ன ஆயுதம் வைத்திருக்கலாம், அடிபட்ட மானை முடித்துவைக்கலாமா, கயிற்றில் கட்டிய மோப்ப நாயைக் கொண்டுவரலாமா என்பதையெல்லாம் அனுமதிச் சீட்டிலேயே அச்சிடுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமாக அது இருக்கக் கூடாது. கால்நடையாகப் போகும் இடமெல்லாம் சக்கர நாற்காலி போகலாம். நடக்க இயலாதவர் கொண்டுவரும் வேறு மோட்டார் வண்டியை மறுத்தால் பாதுகாப்புக் காரணம் காட்டும் பொறுப்பு உங்களுடையது. 2011 மார்ச்சிலிருந்து கூட்டரசின் விதி அப்படித்தான்.

அடுத்த குடிலுக்கு மரம் இறக்கும்போது, சுவர் எழுப்புவதற்கு முன் நாலு மூலைக்கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டுங்கள். நாற்காலி வில்லாளி ஒருவரைக் கூப்பிட்டு, இருபது கஜத்தில் பயிற்சி இலக்கை வைத்து, ஒவ்வொரு சன்னல் வழியாகவும் மூன்று அம்பு எய்யச் சொல்லுங்கள். தார்ப்பாயில் அம்பு கிழித்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பலகையை அறுங்கள்.

இப்படிக்கு,
நாற்காலியிலிருந்து வில் எய்பவர்களும் துணை வருபவர்களும்