பனி எங்கே உருகுகிறது, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் இதழின் தோட்டப் பகுதியில் ஒரு வரி: "உலகெங்கும் வசந்தம் பிறந்துவிட்டது. வெளிநாட்டில் வாழும் நம் சகோதரிகள் பனி உருகியதும் வெண்டை, பாகல், புடலை விதைகளை ஊன்றலாம்."

நான் இருப்பது மெல்பர்னில். இங்கே மார்ச் 1 அன்று இலையுதிர்காலம் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ் என்பது தங்களுக்குத் தெரியாததா என்ன! இந்த நகரத்தில் பனி பெய்வதே அபூர்வம். உருகும் பனிக்கு நான் எங்கே போவது?

எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், தங்கள் இதழில் வருவதே வேதம் என்று இருப்பவர், போன வருடம் இதே மாதிரி ஒரு குறிப்பைப் பார்த்து மார்ச்சில் வெண்டை போட்டார். மண்ணில் சூடு மிச்சமிருந்ததால் முளைத்தும்விட்டது. இது கொத்தமல்லிக்கும் வெந்தயக்கீரைக்கும் பட்டாணிக்கும் உள்ள நேரம் என்று சொல்லிப் பார்த்தேன். அச்சில் வந்ததைவிட என் பேச்சு பெரிதா? மே மாதக் குளிரில் செடி முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளித்து நின்றுபோனது.

சரி, செப்டம்பரில் வருகிற எங்கள் வசந்தமாவது சாதுவா? காலையில் உள்நாட்டுப் பாலை நிலத்திலிருந்து வடக்குக் காற்று அனலாக அடிக்கும். மதியம் காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். பின்னாலேயே ஆலங்கட்டி மழை வந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய நாள் வரும்வரை தக்காளி நாற்றை வெளியே நட மாட்டார்கள். இங்கே பஞ்சாங்கம் பார்ப்பது குதிரைதான். இதே நாட்டின் வடக்கே டார்வினில் வசந்தம் என்ற பேச்சே கிடையாது. மழைக்காலம், வறண்டகாலம், அவ்வளவுதான்.

குறிப்பு கனடாவுக்கு என்பீர்கள். டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகள் பனி உருகிய பிறகும் நாற்றுகளை வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறாள். மே மாதப் பின்பாதியில் வரும் விக்டோரியா தினத்துக்கு முன்னால் வெளியே நட்டால் ஒரே இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும். இங்கிலாந்திலும் மே பாதிவரை அந்தப் பயம் உண்டு. பாகலுக்குக் கண்ணாடிக் குடிலே வேண்டும். அப்புறம் விருதுநகரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் என் அக்கா, மார்ச்சிலேயே நிழல்வலை கட்டி இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறாள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரிலிருந்து வருகிற பத்திரிகைக்கு இதையெல்லாம் நானா சொல்ல வேண்டும்? ஆக, அந்த வரி எந்த ஊருக்கு என்று எனக்குப் புரியவேயில்லை.

இது இன்று நேற்றுக் குறை இல்லை. நாங்கள் 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் ஜனவரியில் "வெளிநாட்டு வாசகியருக்குக் குளிருக்கு இதமான சூப் வகைகள்". முன்பு ஒருமுறை என் கடிதத்தை வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள். கீழே "மெல்பர்ன், நியூசிலாந்து" என்று போட்டிருந்தது. திருத்தம் கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. சந்தா நினைவூட்டல் மட்டும் ஆஸ்திரேலியாவுக்குச் சரியாக வந்து சேர்கிறது, விமான அஞ்சல் கட்டணத்தோடு.

முன்பு இந்தப் பகுதியை எழுதியவர், தன் ஊர்ப் பெயரையும் தமிழ் மாதத்தையும் சொல்லிவிட்டுத்தான் விதையைப் பற்றிப் பேசுவார். மண்ணைத் தொட்டவர் என்று தெரியும். அவர் ஏன் நின்றுபோனார் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு தோட்டக் குறிப்பின் தலையிலும் எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்றால் "உலகெங்கும்" என்பதை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
மெல்பர்ன், ஆஸ்திரேலியா.