ஓரத்தில் இடம் விடுங்கள்: வால்பேப்பர் செய்து பகிரும் தமிழ்க் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வடிவமைப்பாளர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரிக் கரையில் நின்று எடுத்த ஒரு படம். ஓர் ஓரத்தில் விவேகானந்தர் பாறை, மறு ஓரத்தில் 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலம், கீழே கடல். பார்க்க நிறைவான படம்தான். அதைக் கைபேசியில் வால்பேப்பராக வைத்தால் பாறையும் இருக்காது, வள்ளுவரும் இருக்க மாட்டார். பாலத்தில் ஒரு துண்டும் கொஞ்சம் கடலும் மிஞ்சும். எதைக் காட்டவென்று அந்தப் படத்தை எடுத்தீர்களோ அது முழுக்கத் திரைக்கு வெளியே போய்விடுகிறது.

திரையில் எங்கும் காலி இடம் தெரியக் கூடாது என்பது மட்டும்தான் கைபேசியின் நோக்கம். அகலத்துக்குப் பொருந்த எவ்வளவு சுருக்க வேண்டும், உயரத்துக்குப் பொருந்த எவ்வளவு சுருக்க வேண்டும் என்று இரண்டு விகிதங்களைப் பார்க்கும். அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளும். 12 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் எடுத்த படம் 4032×3024 பிக்சல். திரை 1080×2400 என்றால் அகல விகிதம் 0.27, உயர விகிதம் 0.79. கைபேசி 0.79-ஐ எடுக்கும். படம் 3200×2400 ஆகும், அதில் நடுவே உள்ள 1080 மட்டும் திரைக்கு வரும். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அதே கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் 40 சதவீத அகலம் போகும். சதுரப் படத்தில் 55 சதவீதம் போகும்.

இதில் தரம் ஒரு சிக்கலே இல்லை என்பதைக் கவனியுங்கள். படுக்கைவாட்டுப் படத்தை வெட்டிய பிறகும் 1361×3024 பிக்சல் கையில் இருக்கிறது. அது 1080×2400 திரைக்குத் தாராளம். கெடுவது கட்டமைப்புதான். வாங்கி வைத்துக்கொள்பவரால் அதைச் சரிசெய்ய முடியாது, படத்தை உருவாக்குகிற உங்களால்தான் முடியும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

வால்பேப்பர் என்று பெயர் போட்டு வரும் பல படங்கள் 1080×1920 அளவில் இருக்கின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கும் அந்த அளவு சரி. ஒரு காலத்தில் கைபேசித் திரைகளும் அதே 16:9 விகிதத்தில்தான் இருந்தன. 2017-ல் நிலை மாறியது. கேலக்ஸி எஸ்8 18.5:9 விகிதத்திலும் ஐபோன் எக்ஸ் 19.5:9 விகிதத்திலும் வந்தன. பிறகு ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 20:9 பரவலானது. இன்று 1080×1920 படத்தை 20:9 திரையில் வைத்தால் 1.25 மடங்கு பெரிதாகும், இரு பக்கமும் தலா 10 சதவீத அகலம் வெட்டுப்படும். நீங்கள் ஓரம்வரை இழுத்து எழுதிய வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அந்த 10 சதவீதத்தில்தான் இருக்கின்றன.

எனவே முதல் வேண்டுகோள், வால்பேப்பருக்குத் தனி அளவு வையுங்கள். 1440×3200 போதும். அது சரியாக 20:9. விலை குறைந்த கைபேசிகளின் 720×1600 திரைக்கு இது நேர் இரண்டு மடங்கு, 1080×2400 திரைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எந்தப் பக்கமும் வெட்டாமல் இரண்டிலும் உட்காரும். ஐபோன்களின் 19.5:9 திரையில் மேலும் கீழும் சுமார் 40 பிக்சல்தான் போகும். சோனி எக்ஸ்பீரியா 1 போன்ற 21:9 திரையில் பக்கவாட்டில் தலா 35 பிக்சல் அளவுக்குப் போகும். பழைய 16:9 கைபேசியில் மட்டும் மேலே 320, கீழே 320 இழப்பு. ஃபோட்டோஷாப்பிலோ கேன்வாவிலோ புதுக் கோப்பைத் திறக்கும்போதே இந்த அளவைக் கொடுத்துவிடுங்கள். வேறு அளவில் முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றப் பார்த்தால் எழுத்தும் உருவமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் வேலை முடிவதில்லை. லாக் ஸ்கிரீனில் மேல்பகுதியைக் கடிகாரமும் தேதியும் பிடித்துக்கொள்ளும். கீழே டார்ச், கேமரா பொத்தான்கள், பல கைபேசிகளில் கைரேகை வட்டம். ஹோம் ஸ்கிரீனில் கீழே ஆப் வரிசை. 1440×3200 பரப்பில் மேலிருந்து 1060 பிக்சல், கீழிருந்து 500 பிக்சல், இரு பக்கமும் தலா 120 பிக்சல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் 1200×1640 பரப்புக்குள் முகம், எழுத்து, முக்கிய உருவம் எல்லாம் அடங்க வேண்டும். மற்ற இடம் வெறுமையாகவா கிடக்கும் என்று கவலைப்படாதீர்கள். அங்கே வானம், சுவர், தண்ணீர், நிழல் இருக்கட்டும். கடிகாரம் வந்து உட்கார்ந்ததும் அந்த வெறுமை தானே நிறைந்துவிடும். பக்கவாட்டில் விடச் சொல்லும் 120 பிக்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில லாஞ்சர்கள் (ஹோம் ஸ்கிரீனை நடத்தும் ஆப்கள்) படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியே வைத்துக்கொள்ளும், அசைவு காட்டுவதற்காக. ஓரத்தில் போட்ட பூ வேலைப்பாட்டுச் சட்டம் அப்போது ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. வால்பேப்பருக்குச் சட்டம் போடாமலிருப்பதே நல்லது.

குறளையோ ஒரு வரிக் கவிதையையோ வைத்துச் செய்யும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறளுக்கு 7 சீர். அச்சில் முதல் அடி 4 சீர், இரண்டாம் அடி 3 சீர் என்று படிப்பது நமக்குப் பழக்கம். 1200 பிக்சல் அகலத்தில் 4 சீரை ஒரே வரியில் அடக்கினால் எழுத்து சிறுத்துப்போகும், ஏனென்றால் தமிழ் எழுத்துகள் அகலமானவை. வரிக்கு இரண்டு சீராக உடைத்து 2, 2, 2, 1 என நான்கு வரியில் அமைத்தால் எழுத்தைப் பெரிதாக வைக்கலாம்; நீளத் திரைக்கும் அதுவே பொருந்தும். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் மட்டும் இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் குறளின் அமைப்பு கண்ணுக்குத் தெரியும். வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் உயரத்தைப்போல் 1.5 மடங்கு இருக்கட்டும். மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகரக் காலும் வருவதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.2 நமக்குப் போதாது. மேல்வரியின் கால் கீழ்வரியின் கொக்கியில் இடிக்கும்.

புள்ளியைக் காப்பாற்றுங்கள். மெல்லிய எழுத்துருவில் புள்ளி 4, 5 பிக்சல்தான் இருக்கும். படம் சுருங்கி, அனுப்பும் வழியில் இன்னொரு முறை சுருங்கினால் முதலில் அழிவது அதுதான். புள்ளி போனால் ‘க்’ ‘க’ ஆகிவிடும், சொல்லே மாறிவிடும். தடித்த எழுத்துரு எடுங்கள், எழுத்தின் உயரம் 1440 அகலப் பரப்பில் 90 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். கூடவே, அதே படத்தை எழுத்தில்லாமல் இன்னொரு கோப்பாகவும் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 7 வந்த 2016-லிருந்து லாக் ஸ்கிரீனுக்கும் ஹோம் ஸ்கிரீனுக்கும் வெவ்வேறு படம் வைக்க அந்த இயங்குதளத்திலேயே வழி இருக்கிறது. எழுத்துள்ள படம் லாக் ஸ்கிரீனுக்கு. ஹோம் ஸ்கிரீனில் எழுத்துக்கு மேல் ஆப் ஐகான்கள் வந்து உட்கார்ந்தால் இரண்டையுமே படிக்க முடியாது.

புள்ளிக் கோலம் சதுரமாகவோ வட்டமாகவோதான் இருக்கும். அதைத் திரை நிறையப் பெரிதாக்கினால் சமச்சீர் சிதைந்துவிடும். இழுத்து நீட்டினால் அதைவிட மோசம், வட்டச் சுழிகள் முட்டை வடிவாகும். கோலத்தை 1200 பிக்சல் அகலத்தில் முழுதாக வைத்து, தரையை நீட்டுங்கள். செம்மண் தரையோ சாணம் தெளித்த வாசலோ என்றால் தரையின் ஒரு துண்டை நகலெடுத்து ஒட்டி, ஒட்டிய தடத்தைக் குளோன் ஸ்டாம்பால் (படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் பூசும் கருவி) மறைப்பது எளிது. கைபேசியிலேயே செய்பவர்களுக்கு ஸ்னாப்சீடில் ‘எக்ஸ்பாண்ட்’ கருவி இருக்கிறது. தரை போன்ற சீரான பரப்புக்கு நன்றாக வேலை செய்யும். ஒரே இழுப்பில் நீட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் திட்டுத் திட்டாக ஒரே வடிவம் திரும்ப வருவது குறையும். கோலம் மேலிருந்து 1200-வது பிக்சலில் தொடங்கி 2400-ல் முடியட்டும். நட்ட நடுவில் வைத்தால் கடிகாரத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

கோபுரம் இந்தத் திரைக்கென்றே பிறந்த உருவம். இருந்தும் அதன் தலை வெட்டுப்படுகிறது. காரணம், எடுக்கும்போது கலசம் வரைக்கும் நிறைத்து எடுத்துவிடுகிறோம். கடிகாரத்துக்கு வானம் மிச்சமில்லை. பின்னால் நகர்ந்து, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கலசத்துக்கு மேல் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வானம் விட்டு எடுங்கள். கேமராவில் 4:3 விகிதத்தையே வையுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ‘ஃபுல்’ என்றும் 16:9 என்றும் காட்டுவது அதே 4:3 படத்தை ஓரம் வெட்டித் தருவதுதான். முழுதாக எடுத்து வைத்தால் எங்கே வெட்டுவது என்பதை நிதானமாக நீங்கள் முடிவு செய்யலாம். 3024×4032 படத்தில் 20:9 துண்டு 1814×4032 கிடைக்கும். 1440×3200-க்கு மேலேயே இருக்கிறது.

வானம் போதவில்லையென்றால் வானத்தை மட்டும் நீட்டுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கோபுரத்தை நீட்டச் சொல்லாதீர்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு 13 நிலை. நிலைகளையும் சிற்பங்களையும் அந்தக் கருவி தன் போக்கில் கூட்டும், குறைக்கும், இல்லாத உருவங்களைச் செய்து ஒட்டும். அந்தக் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவர்களின் கையில்தான் உங்கள் படம் போய்ச் சேரப்போகிறது.

நிறத்தில் இரண்டே விஷயம். ஐகான்களுக்கு அடியில் வரும் பெயர்கள் பெரும்பாலும் வெள்ளை எழுத்தில் இருக்கும். வெளிறிய வானத்தின் மேல் அவை கரைந்துவிடும். மேலும் கீழும் 15, 20 சதவீத உயரத்துக்கு மெல்லிய கருநிழல் கொடுங்கள். அந்த நிழல் படிப்படியாகக் கோடு கோடாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். 8 பிட் படத்தில் நிற அளவு 40-லிருந்து 20-க்கு இறங்க 20 படிகளே உண்டு. 3200 பிக்சல் உயரத்தில் 20 சதவீதமான 640 பிக்சலில் அது பரவினால் ஒவ்வொரு படியும் 32 பிக்சல் பட்டையாகிவிடும். நிழலின் மேல் 1 அல்லது 2 சதவீதம் ‘நாய்ஸ்’ (பொடிப் பொடியான புள்ளிகள்) சேர்த்தால் பட்டை மறையும். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொது நிறவெளியைத் தேர்ந்தெடுங்கள். ஒளிப்படத்துக்கு ஜேபெக் 90 தரம், எழுத்தும் தட்டை நிறமும் உள்ளதற்கு பிஎன்ஜி.

ஹோம் ஸ்கிரீன் பக்கங்களைத் தள்ளும்போது படமும் கூடவே நகரும் லாஞ்சர்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு அகலம் இரு மடங்கான 2880×3200 படம் ஒன்று கொடுத்தால், மேலே வானத்தையும் கீழே கடலையும் நீட்டி, கன்னியாகுமரிப் படத்தைக்கூட முழுமைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம்: ஒரு பக்கத்தில் பாறை, கடைசிப் பக்கத்தில் வள்ளுவர். அதே கோப்பு மடிக்கும் கைபேசிகளுக்கும் உதவும். கேலக்ஸி இசட் ஃபோல்டு 5-ன் உள்திரை 1812×2176. அதில் 2880×3200 படத்தின் அகலத்தில் 7, 8 சதவீதம்தான் வெட்டுப்படும்.

இவ்வளவும் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உழைப்பு பாதி வழியில் போய்விடும். ஒரு படுக்கைவாட்டுப் படம் 1600×1200 ஆகச் சுருங்கினால் அதில் திரைக்கு வரும் துண்டு 540×1200 மட்டுமே. 1080×2400-ல் அதை நிறைக்க ஒவ்வொரு பிக்சலும் நான்காகப் பரவும். புள்ளியும் கலசமும் பஞ்சாகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், டெலிகிராமில் ‘ஃபைல்’ ஆக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் காட்சிக்கு மட்டும் வைத்து, முழு அளவுக் கோப்பு எங்கே கிடைக்கும் என்று அடியில் எழுதுங்கள். இல்லையென்றால் மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள், உங்கள் படத்தோடு சேர்ந்து லைக் பொத்தானும் அவர்கள் திரைக்குப் போகும்.

படத்தோடு சேர்த்து நான்கு வரிக் குறிப்பு ஒன்றும் போடுங்கள், இதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “உங்கள் திரை அளவு தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் விவரத்தில் பாருங்கள். படத்தைக் கேலரியில் திறந்து வால்பேப்பராக வைக்கும்போது, உறுதி செய்வதற்கு முன் இரண்டு விரலால் உள்நோக்கிக் கிள்ளி, இனிச் சிறிதாகாது என்னும்வரை சிறிதாக்குங்கள். எழுத்துள்ள படம் லாக் ஸ்கிரீனுக்கு, எழுத்தில்லாதது ஹோம் ஸ்கிரீனுக்கு. பக்கம் தள்ளும்போது படம் நகர வேண்டுமானால் அகலமான கோப்பை எடுங்கள்.”

தை பிறக்கும் முன் பொங்கல் படங்களைச் செய்யத் தொடங்குவீர்கள். அந்தக் கோப்புகளை 1440×3200-ல் திறந்து, கோடு போட்டு, பானையை 1060-க்குக் கீழே வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் திரையில் வைத்துக்கொள்பவர்கள்