‘சபலம்’ என்று இனி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கேரளத்தில் இருந்தாலும் எங்களுக்குச் சந்தை, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் பொள்ளாச்சிதான். கோபாலபுரம் தாண்டி வரும் காலை பஸ்ஸில் உங்கள் பத்திரிகை பால் சங்கத்துக்கு வந்துவிடும். நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். கேனோடு வரிசையில் நிற்கிறவர்கள் தலைப்புகளைச் சத்தமாகப் படிப்பார்கள். போன வாரம் அப்படிப் படித்த ஒரு தலைப்பில், ‘சபலத்தால்’ வீடியோ காலில் சிக்கிப் பணம் இழந்த வாலிபர் என்று இருந்தது. வரிசையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. போன வருஷம் இதே மாதிரி ஒரு செய்தியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சிரித்தவள் நான். ‘இவனுக்கெல்லாம் இது வேணும்’ என்றும் சொன்னேன். உள்ளே என் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனான். முந்தின நாள்தான் அவன் நான்காவது தடவையாக மிரட்டல்காரர்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறான். அது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் அவன் வாயைத் திறக்காததற்கு நானும் ஒரு காரணம்.

தம்பிக்கு 26 வயது. முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். பேஸ்புக்கில் ஒரு பெண் பெயரில் அழைப்பு வந்தது. இரண்டு நாள் பேச்சு, பிறகு வாட்ஸ்அப் நம்பர், ஒரு இரவு வீடியோ கால். ஒரு நிமிஷம் கூட ஓடாத அந்த வீடியோ காலை எதிர்ப்பக்கம் பதிவு செய்துகொண்டார்கள். அதில் என்ன நடந்தது என்று நான் அவனைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அடுத்த பத்தாவது நிமிஷம் அந்த வீடியோவும், அவனுடைய நண்பர்கள் பட்டியலின் படமும் சேர்ந்து வந்தன. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

முதலில் 5,000 கேட்டார்கள். கொடுத்ததும் நின்றுவிடும் என்று நம்பினான். கொடுக்கிறவன் என்று தெரிந்தால் விடமாட்டார்கள் என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. அதன்பின் காக்கிச் சட்டை போட்ட படத்தோடு ஒருவன், தான் டெல்லி சைபர் போலீஸ் என்றான். வீடியோ யூடியூபில் ஏறிவிட்டது, அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன்மேல் கேஸ், எடுத்துவிட 31,500 கட்டு என்றான். இதே கதையை, இதே வரிசையில், எத்தனையோ பேரிடம் சொல்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவனுக்கு அது தன் ஒருவனுக்கு வந்த விதி. ஒரு பெண்ணின் சாவுக்குத் தான் காரணம் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான். பதினொரு நாளில் மொத்தம் 82,000 ரூபாய் போனது. வண்டித் தவணைக்கு வைத்திருந்த பணம், மீதி கடன்.

பணத்தைச் சம்பாதித்துவிடலாம். நான் பார்த்தது வேறு. போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பான். என் போனில் டிங் என்று ஒரு சத்தம் வந்தால் அவன் தோள் தூக்கிப் போடும். என் பையன் யூடியூபில் பொம்மைப் படம் பார்த்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அம்மா போட்ட சோற்றைப் பிசைந்து பிசைந்து நாய்க்கு வைத்தான். காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பாயில் ஆளைக் காணோம். கிணற்றடியில் இருட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விடிகிற வரைக்கும் பேசினோம். ‘நீ அன்னிக்குச் சிரிச்சியேக்கா’ என்றுதான் ஆரம்பித்தான்.

காலையில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தோம். முந்தின சாயங்காலம் அனுப்பியதில் 18,000 ரூபாயை முடக்க முடிந்தது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் தப்பும் என்றார்கள். அவன் முதல் நாளே சொல்லியிருந்தால்? இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

காவல் நிலையம் தனிக் கதை. இந்தப் பக்கம் போனால் ‘உங்கள் பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், அங்கே போங்கள்’ என்றார்கள். அங்கே போனால் ‘வீடு கேரளாவில்தானே’ என்றார்கள். இரண்டு இடத்திலும், பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, ‘எதற்கு அந்த வீடியோ காலை எடுத்தாய்?’ என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கோவையில் சட்டம் படிக்கிறாள். அவள்தான் சொன்னாள்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தமிழில் எழுதித் தரவும் தயங்க வேண்டாம், 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே இங்கே உள்ள தமிழர்கள் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் கொடுத்திருக்கிறது என்றாள். அவளே கூட வந்து நின்ற பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குள் வீடியோவை மூன்று பேருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேரோடு போயிருக்கும். அதில் ஒருவர் எங்கள் சொந்தக்காரர். ‘பாருங்க, எச்சரிக்கையா இருங்க’ என்று எழுதி ஊர் குரூப்பில் போட்டார். டெல்லிக்காரன் மிரட்டினான், செய்து முடித்தது நம் வீட்டு ஆள். இப்படி அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெண் பார்த்துவைத்திருந்த வீட்டிலிருந்து ‘ஜாதகம் சரியில்லை’ என்று தகவல் வந்தது.

அந்த குரூப்பில் பக்கத்துத் தோட்டத்து அப்பாருவும் இருக்கிறார். எழுபது தாண்டியவர், திருப்பூரில் இருக்கும் பேரன் பேத்திகளைப் பார்க்க போன் வைத்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார். ‘கண்ணு, மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்குது, வந்து பாரு சாமி’ என்றார். தம்பி நாலு நாளாக வாசல் தாண்டாதவன். ஸ்பேனர் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு பேரும் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு பத்து மணி வரை அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

பொள்ளாச்சியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமா? 2019-இல் வெளியே வந்த பொள்ளாச்சி வழக்கில், வீடியோ எடுத்துப் பெண்களை மிரட்டியவர்கள் நம்பியதும் இந்த வெட்கத்தைத்தான். ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தாள். அவள் பெயரைக் காவல்துறையே வெளியே சொன்னது, அதற்காக 25 லட்சம் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அப்போதும் ஊர் கேட்டது, ‘அவ ஏன் கார்ல ஏறினா?’ 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. நீதிமன்றத்துக்குள் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதனால் பேச முடிந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்புச் செய்தியை உங்கள் பத்திரிகை கண்ணியமாக எழுதியிருந்தது. அதே கண்ணியத்தை இந்தப் பையன்களுக்கும் கேட்கிறேன்.

‘சபலம்’ என்ற சொல் குற்றவாளியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பணம் பறித்தவன் அந்தத் தலைப்பில் எங்கேயும் இல்லை. ‘மிரட்டிப் பணம் பறிப்பு’ என்று எழுதுங்கள். செய்தியின் கீழே 1930 என்ற நம்பரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மனது உடைந்தவர்கள் கூப்பிட டெலிமானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில் நம் படத்தை அனுப்பாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் கொடுத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அது பரவாமல் தடுக்க முடியும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் இப்படிப்பட்ட படத்தை 2 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரி வரை 24 மணி நேரம்) நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. இதில் ஒன்றுகூட அன்றைக்குக் கிணற்றடியில் எங்களுக்குத் தெரியாது. உங்கள் பத்திரிகையில் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். தலையைக் குனிந்தபடி கேட்டான். முடித்ததும், ‘மோட்டார் பார்க்கப் போனதை எழுதினியே, அது இருக்கட்டும்’ என்றான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)