தட்டின் ஓரத்து அவரைக்காய்

திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் கடிதத்தில் பாதியை, உன் பேரன் காயும் பழமும் தொடுவதில்லை என்ற குறைக்கும், அதற்கு மருமகளின் செல்லமே காரணம் என்ற தீர்ப்புக்கும் ஒதுக்கியிருக்கிறாய். மனையியல் படித்த நம் இருவரில் நீயாவது ஒரு வழி சொல் என்றும் கேட்டிருக்கிறாய். வழி சொல்லும் முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு இங்கே மாற்றலானதிலிருந்து ஐந்து வயதுப் பேரனும் எங்களோடுதான் இருக்கிறான். சோற்றில் கை வைக்கும் முன்பே பொரியலிலிருக்கும் அவரைக்காயை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவான். உன்னைப் போலவே நானும் சில நாட்கள் மருமகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் எதிரே உட்கார்ந்திருந்த மகனைக் கவனித்தேன். அதே விரல், அதே ஓரம். 35 ஆண்டுகளுக்கு முன் அவன் புடலங்காயைக் கண்டு முகம் சுளித்தபோதெல்லாம், பிள்ளை வயிறு காயக் கூடாதென்று மாமியார் சொல்ல, தனியாக உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தவள் நான்தான். எல்லோரும் எழுந்த பிறகு அடுக்களையில் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சிய கூட்டை வழித்துச் சாப்பிட்டவளும் நான்தான். ஆக, அந்த வீட்டில் காயை விரும்பிச் சாப்பிட்ட ஒரே ஆள், பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் சாப்பிட்டிருக்கிறாள்!

அன்று பேரனின் தட்டில் விழுவதை எடை போட்டுப் பார்த்தேன் (பழைய வழக்கம் போகவில்லை, சிரிக்காதே). இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராமும், ஆறு முதல் ஒன்பது வரை 350 கிராமும் காய்கனி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. உருளையும் மரவள்ளியும் அந்தக் கணக்கில் சேரா. இவன் சாப்பிட்டது அரை வாழைப்பழமும், சாம்பாரில் கரைந்த தக்காளியும்.

நீ சொல்லும் கண்டிப்பைப் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். சூப்பைக் குடித்து முடி என்று நச்சரிக்கப்பட்ட பிள்ளைகள், நச்சரிக்காமல் விடப்பட்டபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அதைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. பரிசு காட்டி ஊட்டினாலும் அந்த உணவின் மேலுள்ள விருப்பம் குறைகிறது என்பது அதற்கும் 20 ஆண்டுகள் முன்பே தெரிந்த செய்தி. கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று நாம் சொல்லும்போது, கீரை என்பது ஐஸ்கிரீமுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தண்டனை என்றுதான் பிள்ளைக்குப் புரிகிறது.

எல்லாம் வளர்ப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையிலான இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய உணவுக்குத் தயங்குவதில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 78 சதவீதம் பிறவியோடு வருவதாகக் கணக்கிட்டார்கள். உன் மருமகளை நீ மன்னிக்க இது ஒன்றே போதும். கருவிலேயே தொடங்கும் பழக்கமும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை முதன்முதலாக ஊட்டியபோது குறைவாகவே முகம் சுளித்தன என்று 2001-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் தாய் குடித்தாலும் அப்படியே. பத்தியம் என்று சொல்லி, மருமகளை 40 நாள் பூண்டுக்குழம்போடும் மிளகுரசத்தோடும் நிறுத்திவைத்த என் கண்டிப்பை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தயக்கம் அசையாததல்ல. லண்டனில் பெற்றோரே வீட்டில் 14 நாட்கள், பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு காயைத் தினமும் ஒரு துளி சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். விருப்பமும் உண்ணும் அளவும் கூடின. அறிவுரைத் தாள் மட்டும் கொடுக்கப்பட்ட வீடுகளில் அந்த அளவுக்கு மாற்றமில்லை. (நாம் அச்சடித்து விநியோகித்த தாள்களை எண்ணிப் பார்!)

இப்போது இரவில் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம். மருமகள் வங்கியிலிருந்து வர ஏழரை ஆகும், அதுவரை காத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே காய், தனி வறுவல் கிடையாது. பேரனுக்கு இரண்டு துண்டு வைப்போம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம், அதில் அதிகம் தவறுபவர் என் வீட்டுக்காரர்தான். முறுக்கு டப்பா பரணுக்குப் போய்விட்டது. பள்ளிவிட்டு வந்து பையை இறக்கும்போதே உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யாத் துண்டுகள் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். முழுக் கொய்யா நாள் கணக்கில் சீண்டுவாரற்றுக் கிடந்த அதே வீடு இது. முருங்கைக்கீரை உருவுவதற்கும் மொச்சை உரிப்பதற்கும் அவன்தான் எனக்குத் துணை. உரித்த மொச்சையைத் தின்கிறான், உருவிய கீரையை இன்னும் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் அவரைக்காய் மூன்று துண்டு வரை வந்திருக்கிறது. சோற்றைச் சிவப்பாக்குவதால் பீட்ரூட்டுக்குத் தனி மரியாதை. மகனோ, பிள்ளை பார்க்கிறான் என்பதற்காக நாற்பது வயதில் புடலங்காய் விழுங்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கிறது. பாகற்காயை மட்டும் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே ஒதுக்குகிறார்கள், நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் பேரனைப் பற்றி எழுதுவதற்கு முன், உன் மகனும் உன் வீட்டுக்காரரும் தட்டில் எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்த்து எழுது. நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி