எதிர்ச்சரிவிலிருந்து ஒரு படம் கேளுங்கள்

நீலகிரியில் கட்டட அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும், அதற்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கேத்திப் பள்ளத்தாக்கை வரைகிற ஓவியர்கள் நாங்கள்.

உங்கள் மேசைக்கு வரும் வரைபடத்தில் வீட்டின் முகப்பு, சமதரையில் நேரெதிரே நின்று பார்ப்பதுபோல இருக்கிறது. கேத்தியில் வீடுகள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது கூரை, அடுத்தது வீட்டுக்காக வெட்டிய செம்மண். அனுமதி கொடுக்கும்போது இந்த இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் கவலை.

படுகர் மக்களின் பழைய ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கின்றன. கீழே கேரட், பீட்ரூட் தோட்டங்களும் அதே வளைவில் இறங்குகின்றன. பார்க்க அழகு என்பதோடு, இப்படிக் கட்டினால் மண்ணைக் குறைவாக வெட்டினால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், 10 மீட்டர் அகலமும், முன்னிருந்து பின்னாக 12 மீட்டர் நீளமும் உள்ள வீட்டுக்கு ஒரே தளமாக வெட்டினால் பின்பக்கம் 6 மீட்டர் செங்குத்துச் சுவர் நிற்கும். 360 கனமீட்டர் மண் வெளியேறும். அந்த நீளத்தை 6 மீட்டர் வீதம் இரண்டு படிகளாக வெட்டினால் சுவர் 3 மீட்டர்தான், மண்ணும் பாதிதான். வெளியேறும் மண்ணைக் கீழே ஓடையில் தள்ளினால் மழைநீர் வேறு வழி தேடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையைத் தாங்குமா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு வெட்டையும் அனுமதிக்க வேண்டும்.

தடுப்புச்சுவர் சரிவதற்கு மண்ணின் எடையைவிடப் பின்னால் தேங்கும் நீரே பெரும்பாலும் காரணம். அந்த நீர் வெளியேற, சுவரில் 75 மி.மீ. குழாயை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வைத்து, சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாமல் குழாயை மட்டும் செருகினால் களிமண் சீக்கிரமே அடைத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள்: வேலை செய்யும் துளைக்குக் கீழே கருத்த நீர்க்கறை வழிந்திருக்கும். கறையே இல்லாத துளையைச் சந்தேகப்படுங்கள். சுவரின் நடுப்பகுதி உப்பியிருந்தால் காத்திருக்காதீர்கள்.

கட்டடங்களுக்கான 7 மீட்டர் உயர வரம்பு நல்ல விதி. ஆனால் முன்பக்கம் 6 மீட்டர் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, அதன் மேல் 7 மீட்டர் கட்டினால் எதிர்ச்சரிவுக்குத் தெரிவது 13 மீட்டர். அந்தச் சுவரையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

நிறத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். தொலைவு கூடக்கூட மலை வெளிறி நீலம் பூக்கும். அந்தத் தூரத்தை வரைய அல்ட்ராமரைன் நீலத்தில் வெள்ளையும், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு துளியும் கலந்து மங்க வைக்கிறோம். பளபளக்கும் நீலக் கூரைத் தகடு மட்டும் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பின்வாங்காது. முன்னால் துருத்திக்கொண்டு வந்து பள்ளத்தாக்கின் ஆழத்தையே கெடுத்துவிடும். பாசி பிடித்த மங்களூர் ஓட்டின் நிறத்தில், மினுக்கம் இல்லாத தகடு கேட்டாலே போதும்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது இது: அனுமதிக்கு முன் மனையின் நான்கு மூலைகளிலும் கூரை உச்சி உயரத்துக்கு மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டச் சொல்லுங்கள். உச்சிகளை இணைத்து ஒரு கயிறும் ஓடட்டும். சுவிட்சர்லாந்தில் கட்டடத்தின் உருவத்தை இப்படிக் கம்பம் நட்டுக் காட்டுவது வழக்கமான நடைமுறை. மேகம் ஏறுமுன், காலையிலேயே எதிர்ச்சரிவிலிருந்து ஒரு படம் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். துணி மலைமுகட்டுக் கோட்டைத் தாண்டி வானத்தில் தெரிந்தால், வீட்டைக் கீழே இறக்கவோ ஒரு தளம் குறைக்கவோ சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் அதற்கு ஆகும் செலவு, வரைபடத்தைத் திருத்தும் செலவு மட்டும்தான்.

இப்படிக்கு,
கேத்திப் பள்ளத்தாக்கை வரையும் ஓவியர்கள்