பிள்ளைக்குப் பூசும் பவுடர் எங்கிருந்து வருகிறது? சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் கையில் சவர்க்காரமும் பவுடர் டின்னும் கட்டாயம் இருக்கும். குளிப்பாட்டித் துடைத்ததும் கழுத்து மடிப்பு, கமக்கட்டு, தொடை இடுக்கு என்று அம்மம்மா ஒற்றி ஒற்றி வெள்ளையாக்கிவிடுவார். யன்னல் வெயிலில் அந்தத் தூள் மிதப்பது கண்ணுக்கே தெரியும். பிள்ளை தும்மினால் தடிமன் என்பார்கள்.

அந்த டின்களில் பலவற்றில் இருப்பது அரைத்த கல். நகத்தால் கீறக்கூடிய அளவு மென்மையான டால்க் என்னும் கனிமத்தைச் சுரங்கத்தில் வெட்டி, உடைத்து, ஆலையில் அரைத்து, காற்றோட்டத்தில் நுண்ணிய தூளைப் பிரித்தெடுக்கிறார்கள். மக்னீசியம் மிகுந்த பாறை நிலத்தடியில் உருமாறும்போது டால்க் உண்டாகிறது. சில இடங்களில் அதே பாறையில் திரமோலைட், அந்தோபிலைட் என்னும், மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரக்கூடிய அஸ்பெஸ்டஸ் இழைகளும் கூடவே உண்டாகிவிடுகின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது என்று சுரங்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தவறவிட்டால் ஆலை இரண்டையும் சேர்த்து அரைத்துவிடும். பிறகு நுணுக்குக்காட்டியின்றி எந்தத் தாயால் கண்டுபிடிக்க முடியும்? கலப்பில்லாத டால்க் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. அதை அரைத்துப் பிழைத்த தொழிலாளர்களின் நுரையீரல் தழும்பேறிப்போனது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்ததுதான்.

2019இல் அஸ்பெஸ்டஸ் இல்லை என்பதற்குச் சான்று கேட்டு, ஜோன்சன் பேபி பவுடர் இறக்குமதியை இலங்கை நிறுத்திவைத்தது. தன் பவுடர் பாதுகாப்பானதே என்று சொல்லிக்கொண்டே அந்த நிறுவனம் 2023இல் உலகெங்கும் சோளமாவுக்கு மாறியது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் டால்க்கைச் சேர்த்தது. இவையெல்லாம் எங்கள் தாய்மாரின் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

உங்களிடம் குடும்ப நல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வைத்தியர் சொன்னதைத் தட்டிக்கழிக்கும் அம்மம்மாகூட, வீட்டுக்கு வரும் மிஸ் சொன்னால் கேட்பார். பிள்ளைக்குப் பவுடரே வேண்டாம், மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்தால் போதும் என்று பிரசவ விடுதியிலும் கிளினிக்கிலும் சொல்லச் செய்யுங்கள். சந்தைகளில் மலிவாக விற்கும், பெயர் தெரியாத டின்களையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையோடு சேர்ந்து பரிசோதியுங்கள். உள்ளே இருப்பது டால்க்கா, சோளமாவா என்பது தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்